பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டரை எப்படிச் சரிபார்ப்பது?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் அலாய் ரிம் போட வேண்டும் என்றால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோதான் போகிறார்கள். உக்கடம் பக்கம் பழைய ரிம் மலிவாகக் கிடைக்கும், டயரையும் பேரம் பேசி வாங்கலாம். மாட்டி, காற்றடித்து, அலைன்மெண்ட் பார்த்து, சாயங்காலத்துக்குள் எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடலாம். கடையில் ரிம்மின் டிசைன் பற்றிப் பேசுவார்கள், விலை பற்றிப் பேசுவார்கள். மீட்டர் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

சக்கரத்தின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் ஓடோமீட்டர் எண்ணும் கிலோமீட்டரும் சேர்ந்தே மாறும். எவ்வளவு மாறும், அது கவலைப்பட வேண்டிய அளவா, ஆமென்றால் என்ன செய்யலாம் என்பதைப் புதிதாக வண்டி வாங்கியவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அளந்து பார்க்காமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள், டேஷ்போர்டைக் கழற்ற விடாதீர்கள். நிறைய வண்டிகளில் அளந்து பார்த்தால் செய்ய வேண்டிய வேலையே இருக்காது.

மீட்டர் எதை எண்ணுகிறது

மீட்டருக்குச் சாலை தெரியாது. அது எண்ணுவதெல்லாம் சுற்றுகளைத்தான். ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பதைக் கம்பெனியில் ஒரு எண்ணாக உள்ளே பதித்துவிடுகிறார்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டரோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே பெரிய டயர் என்றால் மீட்டர் குறைத்துக் காட்டும், சின்ன டயர் என்றால் கூட்டிக் காட்டும். இந்தத் திசையை மறக்காதீர்கள். பின்னால் கருவியில் எண்ணைப் போடும்போது பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

எண்ணும் விதம் வண்டிக்கு வண்டி வேறுபடும். நெல்லியாம்பதி மலைமேல் ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்புகள், அம்பாசடர், மாருதி 800 போன்றவற்றில் கியர்பாக்ஸ் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே மீட்டர் வரை வரும். மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும், அதை மூடியிருக்கும் உலோகக் கிண்ணம் அதன் இழுப்பில் திரும்பி ஊசியை நகர்த்தும். ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, நூறு வருடம் தாண்டியும் ஓடுகிறது. அதற்கடுத்த தலைமுறை வண்டிகளில் கேபிள் போய், கியர்பாக்ஸில் ஒரு ஸ்பீடு சென்சார் வந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் சில மின்துடிப்புகளை அனுப்பும். ஜப்பானிய வழக்கத்தில் சென்சாரின் தண்டு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும். சுற்றுக்கு நான்கு துடிப்பு வீதம் 2,548 துடிப்பு. இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சென்சாரும் இல்லை. நான்கு சக்கரங்களிலும் உள்ள ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்களிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, கேன் என்ற தகவல் கம்பி வழியாக மீட்டருக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால் உங்களுடையது இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும், பேச்சுக்குச் சிரமம் இருக்காது.

முதல் வேலை: பேப்பரில் கணக்கு

டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 என்பதுபோல எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த விட்டம் வேண்டுமானால் பக்கச் சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி (மேலே ஒன்று, கீழே ஒன்று), ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும்.

185/65 ஆர்15க்குப் பக்கச் சுவர் 120.25 மி.மீ. இரண்டுக்கு 240.5. ரிம் 381. மொத்தம் 621.5 மி.மீ.

மாருதி ஸ்விஃப்டில் கீழ்நிலை மாடல்களுக்கு 165/80 ஆர்14 வரும், மேல்நிலை மாடல்களுக்கு 185/65 ஆர்15 வரும். முதலாவதின் விட்டம் 619.6. இரண்டாவதன் விட்டம் 621.5. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் மொத்த உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இன்னோவா கிரிஸ்டாவிலும் அப்படித்தான்: 205/65 ஆர்16 என்றால் 672.9, 215/55 ஆர்17 என்றால் 668.3. கம்பெனிக்காரர்கள் ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச் சுவரைச் சுருக்கிவிடுகிறார்கள், அதனால் மீட்டரைத் தொடாமலே தப்பிக்கிறார்கள். நாமும் இதையே செய்யலாம். ஸ்விஃப்டுக்கு 16 அங்குல ரிம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் 195/55 ஆர்16 போட்டுப் பாருங்கள்: 620.9. மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

சிக்கல் வருவது "டயர் கொஞ்சம் கும்முன்னு இருக்கட்டும்ணே" என்று சொல்லும்போதுதான். அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647.5 ஆகிவிடும். பழைய 621.5ஆல் வகுத்தால் 1.042, அதாவது 4.2 சதவீதம் கூடுதல். பொலேரோவின் 215/75 ஆர்15 (703.5) இடத்தில் 235/75 ஆர்15 (733.5) ஏற்றினால் 4.3 சதவீதம். தோட்டத்துச் சேற்றில் போகிறவர்கள் இதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 165/80 ஆர்14 வந்த ஸ்விஃப்டுக்கு வேறொரு காரில் கழற்றிய 175/65 ஆர்14 டயர் மலிவாகக் கிடைத்தது என்று மாட்டினால் விட்டம் 583.1 ஆகி, ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கிவிடும்.

புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து வரும் இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இதை விகிதம் என்று அழைப்போம், கடைசிவரை தேவைப்படும். எடை ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்கும், உண்மையான உருளும் சுற்றளவு பேப்பர் கணக்கைவிடச் சில சதவீதம் குறையும். ஆனால் பழைய டயரும் புதிய டயரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமுங்குவதால் விகிதம் பெரிதாகக் கெடாது. நேரில் பார்த்துத்தான் நம்புவேன் என்பவர்கள் சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் ஐந்து சுற்று சுற்றும்வரை நேராகத் தள்ளி, டேப் வைத்து அளக்கலாம். பழைய டயர் கழலும் முன்பே அளந்து வைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி மீட்டரே உண்மை சொல்வதில்லை

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் அநேகமாக வழுக்குகிற இடம் இது. ஷோரூமிலிருந்து வந்த நாளிலேயே உங்கள் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டியிருக்கும். பழுது ஒன்றுமில்லை, வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் வாகன விதி 39 என்ன சொல்கிறதென்றால், மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும். அதாவது நிஜமாக 80இல் போகும்போது மீட்டர் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. டயர் தேய்ந்தாலும் புதிதாக இருந்தாலும் ஊசி குறைவாகக் காட்டிவிடக் கூடாது என்பதால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் மேலேயே வைத்துவிடுகிறார்கள்.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஸ்விஃப்ட் ஏற்கெனவே 5 சதவீதம் கூட்டிக் காட்டும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 100 என்றால் நிஜத்தில் 95 சொச்சம். அதில் 4.2 சதவீதம் பெரிய டயர் போட்டால் மீட்டரில் 100 வரும்போது நிஜத்தில் 99. ஊசி முன்னைவிட நேர்மையாகிவிட்டது! இந்த வண்டிக்காரர் வேகத்தைச் சரிசெய்கிறேன் என்று பணம் செலவழித்தால் பழைய பொய்யைத் திரும்ப விலைக்கு வாங்குகிறார். அதே டயரை 2 சதவீதம் மட்டுமே கூட்டிக் காட்டும் வண்டியில் போட்டால் மீட்டரில் 100 என்னும்போது நிஜத்தில் 102 ஆகிவிடும். அது கவனிக்க வேண்டிய நிலை. ஆகவேதான் டயர் மாற்றும் முன்பே ஒரு தடவை அளந்து வையுங்கள் என்கிறேன்.

ஓடோமீட்டர் கதை வேறு. அதில் இந்தக் கூட்டல் வேலையைச் செய்வதில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே கம்பியில் வரும் தகவலை வைத்து ஊசி கொஞ்சம் மிகையாகவும் கிலோமீட்டர் கணக்கு சரியாகவும் காட்டும்படி அமைத்திருப்பார்கள். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒரு பெரிய குழப்பத்திலிருந்து தப்பலாம்.

இரண்டாம் வேலை: சாலையில் அளப்பது

கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும். கூகுள் மேப்ஸில் வழிகாட்டல் ஓடும்போதே மூலையில் வேகம் தெரியும். தெரியாவிட்டால் அமைப்புகளுக்குள் போய் ஸ்பீடோமீட்டரை இயக்கிவிடுங்கள். சீரான வேகத்தில், நேர் சாலையில், திறந்த வானத்தின் கீழ் ஜிபிஎஸ் வேகம் நம் வேலைக்குத் தாராளமாகப் போதும். வேகம் கூடும்போதும் குறையும்போதும் அது சற்றுப் பின்தங்கியே வரும். அந்த நேரத்து எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடம் முக்கியம். வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு வழியாகப் போகும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலை இதற்கு வசதி: நான்கு வழி, நேர், ஓரளவு சமதளம். நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி ஏறும் பாதையில் பார்க்காதீர்கள். கொண்டை ஊசி வளைவும் மரக்கூரையும் சேர்ந்து ஜிபிஎஸ்ஸைத் தடுமாற வைக்கும். குதிரான் சுரங்கத்துக்குள் சமிக்ஞையே வராது. ஆடிக் காற்றடிக்கும் நாளும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று எதிரே அடிக்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து வேகத்தை நிறுத்துவது சள்ளை பிடித்த வேலை. வேகத்தைத் தானே நிலையாக வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் இருக்கும் வண்டி என்றால் தப்பித்தீர்கள்.

ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பது ஆபத்து, அதற்கும் அபராதம் உண்டு. டயர் காற்றை முன்பே சரிபார்த்து, பத்து நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகு தொடங்குங்கள். மீட்டரில் 40, 60, 80 என்று மூன்று வேகங்கள் போதும். ஒவ்வொன்றிலும் அரை நிமிடமாவது ஊசியை அசையாமல் பிடித்து, ஜிபிஎஸ் காட்டுவதைக் குறியுங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை.

கைப்பேசியே வேண்டாம் என்றால் பழைய வழி இருக்கிறது. சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நேரம் எடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 60 விநாடி என்றால் 60, 45 விநாடி என்றால் 80, 36 விநாடி என்றால் 100. ஒரு கல் சரியான இடத்தில் நடப்படாமல் இருக்கலாம் என்பதால் ஐந்து கல்லாவது தாண்டிச் சராசரி பாருங்கள்.

அடுத்தது ஓடோமீட்டர். ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கி, இருபது முப்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டி, அதே பயணத்தைக் கைப்பேசி பதிவு செய்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். கைப்பேசித் தூரத்தை ட்ரிப் மீட்டர் தூரத்தால் வகுத்து வருவது நீங்கள் சீட்டில் எழுதிய விகிதத்துக்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு சரி.

இதில் தலையிட வேண்டுமா?

என் அளவுகோல் எளிமையானது. புதிய டயரோடு எந்த வேகத்திலும் மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டவில்லை என்றால், விகிதமும் 2 சதவீதத்துக்குள் இருக்கிறது என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். புது டயர் முழுசாகத் தேய்ந்து முடிவதற்குள் அதன் விட்டமே ஏறத்தாழ அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். 8 மி.மீ. தடம் 1.6க்கு வரும்போது விட்டத்தில் 13 மி.மீ. போய்விடுகிறது. கம்பெனியே கண்டுகொள்ளாத வித்தியாசத்துக்கு நாம் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்?

மீட்டர் குறைத்துக் காட்டினால் சும்மா இருக்கக் கூடாது. கேரளத்தில் 2023 ஜூலை முதல் அமலில் உள்ள வரம்புப்படி காருக்கு நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, ஆறு வழியில் 110, நகரத்துக்குள் 50. பலகை வேறு எண் சொன்னால் பலகைதான் கணக்கு. வேகக் கேமராவிடம் "மீட்டர்ல அவ்வளவுதாங்க காட்டிச்சு" என்று சொல்ல முடியாது. காருக்கு வேக மீறல் அபராதம் சட்டப்படி 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. எல்லை தாண்டிப் போய் வருகிறவர்களுக்கு நோட்டீஸ் கைப்பேசிக்கே வந்துவிடும். இன்னொன்று, 2019 ஜூலை முதல் வந்த கார்களில் மீட்டர் 80ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி கேட்கும், 120க்கு மேல் நிற்காமல் கத்தும். அந்த ஒலியும் மீட்டர் கணக்கைத்தான் நம்புகிறது. மீட்டர் பின்தங்கினால் எச்சரிக்கையும் தாமதமாகவே வரும்.

சின்ன டயர்க்காரர்களுக்குப் போலீஸ் பயம் இல்லை. ஆனால் 6 சதவீதம் சின்ன டயரில் நிஜமான 100 கிலோமீட்டரை ஓடோமீட்டர் 106 என்று எழுதும். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி 16 கொடுப்பதுபோல் தோன்றும். மைலேஜ் கூடிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். விற்கும்போது ஓடாத கிலோமீட்டருக்கும் சேர்த்து விலை குறையும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குபவர் என்றால் நிலைமை இன்னும் மோசம், வாடிக்கையாளரிடம் ஓடாத தூரத்துக்குக் காசு வாங்குகிறீர்கள்.

சரிசெய்யும் வழிகள்

ஆக நல்ல வழி டயர் கடையிலேயே இருக்கிறது: மொத்த விட்டம் பழையதோடு பொருந்தும் அளவுக்கு மாறிக்கொள்வது. டயர் இன்னும் புதிதாக இருந்தால் கடைக்காரரே மாற்றித் தரலாம், கொஞ்சம் கைக்காசு போகும். எந்தக் கருவியைவிடவும் இதுதான் நிம்மதி. மீட்டர் மட்டுமல்லாமல் ஏபிஎஸ், கியர் விகிதம், வளைக்கும்போது டயர் உரசாமல் இருப்பது எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடும்.

கேபிள் வண்டி என்றால் கேபிள் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக். பெரிய டயருக்குக் கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்குக் குறைந்த பல் உள்ள சக்கரம் தேவை. இப்போதுள்ள பல் எண்ணிக்கையை விகிதத்தால் வகுத்தால் புதிய எண்ணிக்கை வரும். 18 பல் என்றால், 5.5 சதவீதம் பெரிய டயருக்கு 17 பல். ஒரு பல் குறைத்தாலே ஏறத்தாழ ஆறு சதவீதம் மாறிவிடுகிறது, ஆகவே இதில் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. 3 சதவீத வித்தியாசத்துக்காகப் பல்சக்கரம் தேடி அலையாதீர்கள். சக்கரம் கிடைப்பதும் வண்டியைப் பொறுத்தது. பழைய ஜீப் பார்க்கும் மெக்கானிக்குகளிடம் கேட்டால் உதிரியாகக் கழற்றி வைத்தது ஏதாவது இருக்கும்.

கியர்பாக்ஸ் சென்சார் வண்டிக்குத் துடிப்பு மாற்றும் சிறு பெட்டி ஒன்று கிடைக்கிறது. ஸ்பீடோ கேலிபிரேட்டர் என்று தேடினால் வரும். சென்சாரிலிருந்து வரும் துடிப்புகளை வாங்கி, நீங்கள் சொல்லும் சதவீதம் கூட்டியோ குறைத்தோ மீட்டருக்கு அனுப்பும். நான்கு கம்பிதான்: 12 வோல்ட், எர்த், உள்ளே, வெளியே. வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஆனால் சில விஷயங்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். சென்சார் கம்பியை ஊகத்தில் வெட்டக் கூடாது. அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே வெட்ட வேண்டும். இணைப்பைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. இன்னொரு முக்கிய விஷயம்: பல வண்டிகளில் அதே சென்சார் கம்பி இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் கிளை பிரிந்து போகும். பெட்டியை மீட்டருக்குப் போகும் கிளையில் மட்டும் வைப்பதே பத்திரம்.

பெட்டியில் என்ன எண் போடுவது? இங்கேதான் அந்த ஊசி, ஓடோமீட்டர் வித்தியாசம் வேலைக்கு வருகிறது. ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஊசி அச்சு அசலாக நிற்கும்வரை திருகினால் மனதுக்கு இதமாக இருக்கும், ஆனால் ஓடோமீட்டர் கெட்டுவிடும். கம்பெனி ஊசியில் வைத்த 5 சதவீத மிகையை அழிக்க நீங்கள் துடிப்பில் 5 சதவீதத்தைக் குறைக்கிறீர்கள், அந்த 5 சதவீதம் கிலோமீட்டரிலும் குறைந்துபோகும். ஆகவே சீட்டில் எழுதிய விகிதத்தையே போடுங்கள். 1.042 என்றால் 4.2 சதவீதம் கூட்டல். கிலோமீட்டர் சரியாகும், ஊசி பழையபடி கொஞ்சம் மிகையாகக் காட்டும். அதுவே பாதுகாப்பான நிலை. பிறகு மறுபடி நெடுஞ்சாலையில் அளந்து உறுதி செய்யுங்கள்.

ஏபிஎஸ், கேன் வண்டிதான் கஷ்டம். அங்கே கம்பியில் ஓடுவது துடிப்பல்ல, தகவல். சரியான வழி, வண்டியின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டயர் சுற்றளவு எண்ணை ஓபிடி சாக்கெட் (ஸ்கேன் கருவியைச் செருகும் இடம்) வழியாக மாற்றுவது. ஃபோர்டு வண்டிகளில் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளால் பல மாடல்களில் இதைச் செய்யலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் விசிடிஎஸ் பயன்படுகிறது. பல மாடல்களில் மீட்டர் அமைப்புக்குள்ளேயே சக்கரச் சுற்றளவைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற கம்பெனி வண்டிகளுக்குச் சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவிதான் வழி. அவர்கள் பெரும்பாலும் அந்த மாடலுக்கு அங்கீகரித்த அளவுகளுக்கு மேல் மாற்ற மாட்டார்கள். மாற்றும் முன்பு பழைய எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், பேட்டரி சார்ஜ் நன்றாக இருக்கட்டும். பாதி எழுதும்போது பேட்டரி படுத்தால் மாட்யூலே போகலாம். கேன் கம்பியை வெட்டி நடுவில் வைக்கும் பெட்டிகளும் வெளியில் விற்கின்றன. ஏபிஎஸ் தகவல் ஓடும் கம்பியில் அப்படிக் கைவைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாரண்டி போவது ஒரு பக்கம், பிரேக் சம்பந்தப்பட்ட கம்பி என்பது பெரிய பக்கம்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால் கடைசி வழி: மீட்டரில் 50, 70, 80, 100 என்று காட்டும்போது நிஜ வேகம் என்ன என்று எழுதிய ஒரு சிறு ஸ்டிக்கரை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பழைய ஜீப்புக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒரு தவறான வழியையும் சொல்லிவிட வேண்டும். மீட்டரைக் கழற்றி, ஊசியைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். டயரால் வரும் பிழை சதவீதத்தில் வரும்: 40இல் ஒன்றரை, 80இல் மூன்று என்று வளரும். ஊசியைத் தள்ளி மாட்டினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் நகரும். ஒரு வேகத்தில் சரியாகும், மற்றவற்றில் பிசகும், நிற்கும் வண்டியில்கூட ஊசி சுழியத்தில் நிற்காது. ஓடோமீட்டரோ துளியும் மாறாது.

மறக்கக் கூடாதவை

நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் சக்கரம் வழுக்குகிறது என்று தவறாக நினைக்கும். நான்கு சக்கர இயக்க வண்டியில் கியர் இணைப்புகள் தேயும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம், ஊட்டிக்குப் போகக் கூடாது. சக்கரச் சுழற்சியை வைத்துக் காற்றழுத்தம் பார்க்கும் வண்டி என்றால் டயர் மாற்றியதும் அதை மறுபடி செட் செய்யுங்கள். டயரின் பளு எண்ணும் வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதைவிடக் கீழே போகக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கெடுபிடியானது. மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்தால் கட்டாயம் நிறுத்துவார்கள். உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவுகளுக்குள்ளேயே இருந்துகொண்டால் மீட்டர், சட்டம் இரண்டு தொல்லையும் இல்லை. அந்த அளவுகள் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அலாய் போட்டதை இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டயர் மாற்றிய தேதி, அன்றைய ஓடோமீட்டர் எண், விகிதம், பெட்டி வைத்திருந்தால் அதில் போட்ட சதவீதம், கம்பி வெட்டிய இடம் எல்லாவற்றையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு உண்மையான தூரம் கணக்கிட இது வேண்டும். ஏற்கெனவே ஓடோமீட்டரில் ஏறிவிட்ட எண்ணைத் திருத்தச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். அது விற்கும்போது ஏமாற்று வேலையாகிவிடும். வண்டியை விற்கிற நாளில் வாங்குபவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, பழைய டயரில் இவ்வளவு, புதிய டயரில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.